‘இணைந்தது’ என்கிறது, கேட்கவில்லை

மாலை ஐந்து மணிக்குப் போனால் டீச்சர் வீட்டில் இஞ்சி தட்டிப்போட்ட டீ கிடைக்கும். அதற்குக் கைம்மாறாக அவருடைய லேப்டாப்பை அவ்வப்போது பார்த்துக்கொடுப்பேன். டீச்சர் என்றால் பாட்டு டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகு வாரம் நான்கு நாள் வீடியோ அழைப்பில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறார். லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். போட்டுக்கொடுத்தவன் நான். ஆகவே அதில் எது நடந்தாலும் குற்றவாளியும் நானே.

போன வாரம் டம்ளரை வைத்த கையோடு புளூடூத் ஹெட்போனையும் என் முன்னால் வைத்தார்.

“புதுப் பதிப்பு வந்திருக்கு, ஏத்தவான்னு கேட்டுச்சு. சரின்னேன். ராத்திரி முழுக்க ஏத்துச்சு. காலையில பார்த்தா ‘இணைந்தது’ன்னு போட்டிருக்கு, ஒரு சத்தமும் வரலை. இணைஞ்சிருந்தா கேக்கணுமா, வேண்டாமாப்பா?”

நியாயமான கேள்வி. இயங்குதளத்தை மேம்படுத்திய மறுநாள் காலையில் பல வீடுகளில் இதே கேள்விதான் எழுகிறது. அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். டீ ஆறுவதற்குள் முடியாது, இன்னொரு டம்ளர் ஆகும்.

முதலில் அந்த ‘இணைந்தது’ என்ற சொல்லைப் பார்ப்போம். கணினியில் இருக்கும் ரேடியோவும் ஹெட்போனில் இருக்கும் ரேடியோவும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன, அவ்வளவுதான் அதன் பொருள். பாட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. “பாடகர் ஊருக்கு வந்து சேர்ந்துட்டார்னு ஃபோன் வருது டீச்சர். அதுக்காகக் கச்சேரி ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தமா?” என்றேன். சிரித்தார்.

பாடகர் வந்ததற்கும் பாட்டு நம் காதில் விழுவதற்கும் நடுவே பலர் வேலை பார்க்க வேண்டும். கீழிருந்து வருவோம். அடியில் ரேடியோ சிப். அது விழித்தெழ ஃபர்ம்வேர் என்ற சிறு நிரல் வேண்டும். அதை ஊட்டிவிட்டு சிப்போடு பேசுவது, இயங்குதளத்தின் கருவான கெர்னலில் இருக்கும் டிரைவர். அதற்கு மேலே புளூஸி என்ற சேவை. ஜோடி சேர்ப்பது, சாவியைப் பத்திரப்படுத்துவது எல்லாம் அதன் பொறுப்பு. அதற்கும் மேலே ஒலி சர்வர். உலாவி, பாட்டு செயலி, வீடியோ அழைப்பு என எங்கிருந்து சத்தம் வந்தாலும் வாங்கி, ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ அனுப்பும் மைக்செட்காரர் அவர்தான். கடைசியாக, எந்தச் சத்தம் எந்த வழியில் போகலாம் என்று தீர்மானிக்கும் மேனேஜர் ஒருவர்.

மேம்படுத்தல் என்பது ஒரே இரவில் இவர்கள் எல்லோரையும் மாற்றிவைக்கும் காரியம். ஒருவர் வேலைக்கு வராவிட்டாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: சத்தம் இல்லை. ஆகவே யார் வரவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. எல்லோரையும் துரத்திவிட்டு மொத்தத்தையும் மறுபடி நிறுவுவது கடைசி வழி. பெரும்பாலும் அதுவரை போக வேண்டியதே இல்லை.

எடுத்த எடுப்பில் ஹெட்போனைக் கைப்பேசியோடு இணைத்துப் பார்த்தேன். பாடியது. ஆக ஹெட்போன் மேல் குற்றம் இல்லை. இந்த அரை நிமிடச் சோதனையைச் செய்யாமல் அரை நாளைத் தொலைத்தவர்கள் உண்டு. பார்த்தபின் கைப்பேசியின் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கணினியோடு போராடிக்கொண்டிருக்கும்போது ஹெட்போன் சத்தமில்லாமல் கைப்பேசியிடம் போய் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து, நோயின் குறி என்ன? எனக்குத் தெரிந்து நான்கு வகை. ஒன்று, ஹெட்போனே கண்ணில் படவில்லை அல்லது ஜோடி சேர மறுக்கிறது. இரண்டு, இணைந்தது என்று வருகிறது, ஒலிப் பட்டியலில் அதன் பெயர் இல்லை. மூன்று, சத்தம் வருகிறது, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வருகிறது. நான்கு, நல்ல சத்தம்தான், விட்டுவிட்டு வருகிறது. குறியைச் சரியாகச் சொன்னால் பாதி வைத்தியம் முடிந்தது.

முதல் வகையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். புளூடூத் பொத்தானே இயங்கவில்லை என்றால் ரேடியோ பூட்டப்பட்டிருக்கலாம். டெர்மினலில் ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று தட்டினால் பூட்டு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பூட்டு இல்லாமலும் ரேடியோ எழவில்லை என்றால் ஃபர்ம்வேர் ஏறவில்லையா என்று கெர்னலின் பதிவேட்டில் பார்க்க வேண்டும். கணினி தொடங்கும்போது வரும் மெனுவில் பழைய கெர்னல் இன்னும் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் வேலை செய்தால் குற்றம் புதிய கெர்னல் பக்கம். அடுத்த அப்டேட் வரும்வரை பழையதிலேயே ஓட்டலாம்.

ஜோடி சேர மறுத்தால் பெரும்பாலும் சாவிச் சிக்கல். முதல்முறை ஜோடி சேர்க்கும்போது இரண்டு கருவிகளும் ஒரு ரகசியச் சாவியை ஆளுக்கொரு பிரதியாக வைத்துக்கொள்கின்றன. இயங்குதளத்தைத் துடைத்துப் புதிதாக நிறுவினால் கணினியின் பிரதி அழிந்துபோகும். ஹெட்போனோ பழைய சாவியோடு காத்திருக்கும். ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் கதை. ரேடியோ ஒன்றே என்பதால் ஹெட்போனுக்கு இரண்டும் ஒரே ஆள். கடைசியாக யார் ஜோடி சேர்ந்தார்களோ அவர்கள் சாவிதான் செல்லும். பரிகாரம்: கணினியில் ‘மறந்துவிடு’ கொடுத்து, ஹெட்போனிலும் பழைய ஜோடியை அழித்து, புதிதாகச் சேர்ப்பது. ஒரு பக்கம் மட்டும் மறந்தால் போதாது.

டீச்சருக்கு வந்தது இரண்டாம் வகை. ஒலி அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் லேப்டாப் ஸ்பீக்கர் இருக்கிறது, ஹெட்போன் பெயர் இல்லை. பாடகர் வந்துவிட்டார், மைக்செட்காரருக்கு அது தெரியவே தெரியாது.

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும். லினக்ஸ் மேசைக் கணினிகளில் பல ஆண்டுகளாக மைக்செட்காரர் பல்ஸ்ஆடியோதான். ரெட் ஹேட் நிறுவனத்தில் வேலை பார்த்த விம் டேமன்ஸ் என்பவர் பைப்வயர் என்ற புதியதொன்றைத் தொடங்கினார். முதலில் அது வீடியோவுக்காகத்தான், பிறகு ஒலியையும் ஏற்றுக்கொண்டது. 2021 ஏப்ரலில் வந்த ஃபெடோரா 34 என்ற லினக்ஸ் பதிப்பு, ஒலியைப் பைப்வயரிடம் ஒப்படைத்தது. 2022 அக்டோபரில் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 22.10 பதிப்பு அதே வழியில் போனது. உபுண்டுவின் நீண்ட ஆதரவுப் பதிப்புகளில் மட்டுமே இருப்பவர்கள் இந்த மாற்றத்தைப் பார்க்கவில்லை. 22.04இலிருந்து 2024இல் வந்த 24.04க்குத் தாவியபோதுதான் அவர்கள் வீட்டு மைக்செட்காரர் மாறினார். ஆக, திரையில் நாம் பார்த்த வரி ‘மேம்படுத்தவா?’ என்பதுதான் என்றாலும், உள்ளே நடந்தது ஆள்மாற்றம்.

யார் வேலையில் இருக்கிறார் என்று கேட்க ஒரு வழி உண்டு. டெர்மினலைத் திறந்து பி, ஏ, சி, டி, எல் என்று ஐந்து எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு இன்ஃபோ. டீச்சரையே தட்டச்சொன்னேன். வந்த வரிகளில் சர்வரின் பெயர் ‘பல்ஸ்ஆடியோ’ என்று தொடங்கி, பக்கத்திலேயே ‘ஆன் பைப்வயர்’ என்றது.

“ரெண்டு பேர் பேரும் இருக்கே?”

இது பலரையும் குழப்பும் இடம். பழைய செயலிகள் எல்லாம் பல்ஸ்ஆடியோவோடு பேசிப் பழகியவை. அவற்றைத் திருத்தி எழுதச் சொல்ல முடியாது. ஆகவே பைப்வயர் பல்ஸ்ஆடியோவின் குரலிலேயே பதில் சொல்கிறது. புது முதலாளி பழைய பெயர்ப்பலகையைக் கழற்றாமல் கடை நடத்துவது மாதிரி.

கடை மாறியது சரி. புளூடூத் வேலை தெரிந்த பையன் புதுக்கடைக்கு வந்தானா? டெபியன் வழிவந்த லினக்ஸ்களில் அந்த வேலை தனிப் பொதியாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. பழைய கடையில் அதன் பெயர் பல்ஸ்ஆடியோ-மாட்யூல்-புளூடூத். புதுக்கடையில் லிப்ஸ்பா-0.2-புளூடூத். மேம்படுத்தும்போது பழையது போய்ப் புதியது வராமல் நின்றுவிட்டால், புளூஸி ஹெட்போனை அழைத்து வந்து வாசலில் நிறுத்தும், உள்ளே வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. சிலருக்கு இணைந்த மறுநொடியே அறுந்துபோகும். பதிவேட்டில் ‘ப்ரொஃபைல் அன்அவெய்லபிள்’ என்று முடியும் ஒரு வரி இருக்கும். நீ கேட்கும் சேவைக்கு இங்கே ஆள் இல்லை என்பதுதான் அந்த வரியின் சாரம். பழையதும் புதியதும் இரண்டும் ஓடிக்கொண்டிருந்து, ஹெட்போனை நீயா நானா என்று இழுப்பதும் உண்டு. அப்போது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

டீச்சரின் கணினியில் அந்தப் பொதி இல்லை. நிறுவினேன். அணைத்துத் திறந்தேன். பட்டியலில் ஹெட்போன் வந்து உட்கார்ந்தது. வேலை முடிந்தது என்று நான் டீயை எடுத்தேன். டீச்சர் தன் தம்பூரா பதிவை ஓடவிட்டார். அவர் முகம் சுருங்கியது.

“இது என் தம்பூரா இல்லையே. குடத்துக்குள்ள வண்டு மாதிரி இருக்கு.”

மூன்றாம் வகை. இந்த விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது மிகுதியாக இருப்பது இங்கேதான். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கப் புறப்படுகிறவர்கள் தயவுசெய்து கொஞ்சம் உட்காருங்கள்.

புளூடூத்தில் ஒலி போக இரண்டு சாலைகள் உண்டு. முதலில் போட்டது பேச்சுக்கான சாலை. காரில் போகிறவர்கள் ஒற்றைக் காதில் மாட்டிக்கொண்டு தொலைபேசியில் பேச வேண்டும், அதற்காக. போவதும் வருவதுமாக இரண்டு திசை, ஆனால் ஒவ்வொரு திசையிலும் ஒற்றையடிப் பாதைதான். இசைக்கான சாலை அதன்பின் 2003இல் வகுக்கப்பட்டது. ஏ2டிபி என்று பெயர். அகலமானது, இடம் வலம் இரண்டுக்கும் இடமுண்டு. ஆனால் ஒருவழிச் சாலை. கணினியிலிருந்து காதுக்குப் போகும், மைக் சத்தம் திரும்பி வராது.

அகல வித்தியாசம் எவ்வளவு? பேச்சுச் சாலையின் பழைய முறையில் ஒலியை விநாடிக்கு 8,000 முறைதான் அளந்து அனுப்புவார்கள். அப்படி அளந்தால் 4,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலிதான் பிழைக்கும், அதற்கு மேல் உள்ளது எல்லாம் போயிற்று. எம்எஸ்பிசி என்ற பிந்தைய முறையில் அளவை 16,000 ஆயிற்று, கூரை 8,000 ஹெர்ட்ஸுக்கு உயர்ந்தது. இசைச் சாலையில் வழக்கமான அளவு 44,100. மனிதக் காதின் எல்லை வரை எட்டும். அனுப்பும் தகவலின் அளவிலும் அப்படியே: பேச்சுக்கு ஒரு திசைக்கு விநாடிக்கு 64 கிலோபிட், இசைக்கு எஸ்பிசி என்ற முறையின் உயர்ந்த தரத்தில் 328.

டீச்சருக்கு எண்ணைவிடத் தம்பூரா எளிது. அவருக்கு ஐந்து கட்டை. ஷட்ஜம் ஏறக்குறைய 196 ஹெர்ட்ஸில் நிற்கிறது. தந்தியை மீட்டினால் அந்த ஒரு சுரம் மட்டும் எழுவதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேற்சுரங்கள் அடுக்கடுக்காகக் கிளம்பும். 4,000 ஹெர்ட்ஸில் கதவைச் சாத்தினால் இருபதாவது மடங்கோடு சரி. மந்தர ஷட்ஜத்தில் தானாகப் பிறக்கும் காந்தாரம் 500 ஹெர்ட்ஸுக்குள் இருப்பதால் தப்பிவிடும். குதிரையில் நூலை நகர்த்தி நகர்த்தி வரவழைக்கும் அந்த மினுமினுப்பு, கதவுக்கு வெளியே நின்றுவிடும். சுருதி இருக்கும், ஜீவன் இருக்காது. வண்டு என்று அவர் சொன்னது வருணனை இல்லை, அளவீடு.

சரி, இசை கேட்கும்போது கணினி ஏன் பேச்சுச் சாலையில் போகிறது? காலையில் நடத்திய வகுப்பின் பக்கம் உலாவியில் மூடப்படாமல் கிடந்தது. கணினியை அணைத்துத் திறந்தும் உலாவி அதை மறக்காமல் மீட்டு வைத்திருந்தது. அந்தப் பக்கம் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. மைக் வேண்டும் என்று ஒரு செயலி கேட்டால், ஒருவழிச் சாலையில் மைக்குக்கு இடமில்லையே, பேச்சுச் சாலைக்கு மாறித்தான் ஆக வேண்டும். பல்ஸ்ஆடியோ காலத்தில் பெரும்பாலும் இதை நாமே கையால் மாற்றினோம். பைப்வயரோடு வயர்பிளம்பர் என்ற மேனேஜர் சேர்ந்து வந்தார். யாராவது மைக்கைத் தொட்டால் அவரே சாலையை மாற்றிவிடுகிறார். விட்டதும் திரும்ப மாற்றுகிறார். விடாவிட்டால் திரும்புவதில்லை.

மேம்படுத்திய பிறகு சத்தம் கெட்டுப்போனது என்று சொல்பவர்களில் பலருக்கு எதுவும் கெடவில்லை. முடிவெடுக்கும் ஆள் மாறியிருக்கிறார். நமக்காகத்தான் முடிவெடுக்கிறார், நம்மைக் கேட்பதில்லை.

அந்தப் பக்கத்தை மூடினேன். ஒலி அமைப்பில் ஹெட்போனின் கீழே ‘உள்ளமைவு’ என்றொரு பட்டி இருக்கும். அதில் உயர்தர இசைக்கான வரியைத் தேர்ந்தெடுத்தேன். ஹெட்செட் என்று தொடங்கும் வரி பேச்சுச் சாலை.

வகுப்பு நடத்தும்போது என்ன செய்வது? மைக்காக ஹெட்போனைக் கொடுக்காமல் லேப்டாப்பின் சொந்த மைக்கையோ, கம்பி வைத்த தனி மைக்கையோ உள்ளீடாகத் தேர்ந்தெடுக்கலாம். காதுக்கு இசைச் சாலை, வாய்க்கு வேறு வாசல். அப்படியும் மேனேஜர் தாவினால், தானாகத் தாவும் அமைப்பையே அணைத்துவிடலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: வயர்பிளம்பர் 2024இல் 0.5 பதிப்புக்குப் போனபோது அமைப்புக் கோப்பு எழுதும் மொழியையே மாற்றிக்கொண்டது. முன்பு லுவாவில் எழுதிவைத்த கோப்புகளைப் புதியது சீண்டுவதில்லை. ‘நேற்றுவரை சரியாக இருந்ததே’ என்பவர்கள் அங்கேயும் ஒரு கண் வையுங்கள்.

விண்டோஸ்காரர்களுக்கும் இதே இரண்டு சாலைதான். விண்டோஸ் 10இல் ஒரே ஹெட்போன் ஸ்டீரியோ என்றும் ஹேண்ட்ஸ்-ஃப்ரீ என்றும் இரண்டு பெயரில் பட்டியலில் நிற்கும். தவறானதைச் சொடுக்கினால் வண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததால் பலர் 11க்கு ஏறினார்கள். ஏறியபின் தகராறு என்றால், லேப்டாப் தயாரித்தவர்களின் தளத்திலிருந்தே புளூடூத் டிரைவரை எடுத்துப் போட்டுப் பார்ப்பது நல்லது.

நான்காம் வகை, விட்டுவிட்டு வருவது. புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 79 தடங்களில் விநாடிக்கு 1,600 முறை வரை தாவித்தாவி ஓடுகிறது. வீட்டு வைஃபையும் அதே தெருவில் நடந்தால் நெரிசல். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் அந்தத் தெருக்காரர்தான். யுஎஸ்பி 3 வகைச் செருகிகளும் அதே பகுதியில் இரைச்சல் கிளப்பும். புளூடூத் டாங்கிளை ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்திலேயே செருகியிருந்தால், சிறு நீட்டிப்புக் கம்பி போட்டுத் தள்ளி வையுங்கள். இதில் மேம்படுத்தலின் கைங்கரியம் குறைவு. பழி மட்டும் அதன்மேல் விழும்.

இரண்டு சாலை என்ற தொல்லைக்கு முடிவு வந்துகொண்டிருக்கிறது. புளூடூத் 5.2ஐ அடித்தளமாகக் கொண்ட எல்இ ஆடியோ என்ற புது முறையில், ஒலியைச் சுருக்கி அனுப்ப எல்சி3 என்ற கோடெக் இருக்கிறது. குறைந்த அளவில் நல்ல ஒலி, மைக் திறந்திருக்கும்போதும் தரமான சத்தம். ஆனால் ஹெட்போன், கணினி இரண்டுமே அதற்கு இசைய வேண்டும். டீச்சர் வைத்திருப்பது பழைய வகை.

இவ்வளவும் சொல்லி முடித்துவிட்டு ஒரு பழக்கத்தையும் சொன்னேன். அங்கே ஒருவர் எழுதினார், இங்கே ஒருவர் சொன்னார் என்று பத்துக் கட்டளைகளைச் சேர்த்துத் தட்டாதீர்கள். ஒன்றை மாற்றுங்கள், கேட்டுப் பாருங்கள். பலனில்லை என்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

“இதைத்தானேப்பா முப்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன். சுருதி சேரலைன்னா நாலு பிருடையையும் ஒண்ணாத் திருகுவாங்களா? ஒண்ணொண்ணாத்தான்.”

நான் அரை மணி நேரம் பேசியது அவருக்கு நான்கு பிருடையில் அடங்கிவிட்டது.

இன்னொன்றையும் அவரிடம் மறைக்கவில்லை. புளூடூத்தில் ஒலி பத்தில் ஒன்றிரண்டு பங்கு விநாடி தாமதமாகத்தான் வரும். கேட்பதற்கு அது ஒரு பொருட்டில்லை, தாளத்துக்கு அது இடறும். வகுப்புக்குப் பழைய கம்பி ஹெட்போனே மேல் என்றேன். அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து லேப்டாப் பக்கத்தில் வைத்தார்.

இரண்டாவது டம்ளர் டீ வந்தது. டீச்சர் புளூடூத் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு மாணவி அனுப்பியிருந்த பாட்டுப் பதிவைத் திறந்தார். காலையில் இதே பதிவைக் கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்டு ‘நல்லா இருக்கு’ என்று பதில் போட்டிருந்தாராம். இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாதியில் நிறுத்தினார்.

“சரியாயிடுச்சா டீச்சர்?”

“உன் வேலை சரியாயிடுச்சு. அவ தம்பூராவுலதான் பஞ்சமம் ஒரு மயிரிழை இறக்கம்,” என்று கைப்பேசியை எடுத்தார்.